பட்டாவில் இரண்டு இலக்கம் இடம் மாறியதைச் சரிசெய்ய 14 மாதமா? யாருக்குமே வேலை தெரியாதா, இல்லை தெரிந்தும் செய்வதில்லையா?

வெண்ணாற்றங்கரையான் எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பாதி கேள்வி, பாதி வயிற்றெரிச்சல்.

அப்பா தவறி ஒன்றரை வருடம் ஆகிறது. நிலத்தை எங்கள் பெயருக்கு மாற்றலாம் என்று ஆன்லைனில் பட்டாவை எடுத்துப் பார்த்தேன், 0.34.5 ஹெக்டேர், அதாவது 34.5 ஏர்ஸ் (நூறு ஏர்ஸ் ஒரு ஹெக்டேர்) என்று இருந்தது. வீட்டு இரும்புப் பெட்டியில் இருக்கும் 1988-ஆம் வருடத்துப் பட்டா புத்தகத்தில் 0.43.5. மை கூட மங்கவில்லை, தெளிவாக நாற்பத்து மூன்றரை. அதாவது ஒரு ஏக்கர் ஏழரை சென்ட் இருக்க வேண்டிய இடத்தில் 85 சென்ட். வரப்பு ஒரு அடி நகரவில்லை, பக்கத்து நிலத்துக்காரர்களோடு எந்தத் தகராறும் இல்லை, தரையில் நிலம் அப்படியேதான் கிடக்கிறது. காகிதத்தில் மட்டும் 22 சென்ட்டைக் காணோம். கையால் எழுதியதைக் கம்ப்யூட்டரில் ஏற்றியபோது யாரோ 43-ஐ 34 என்று அடித்துவிட்டார்கள், அவ்வளவுதான் விஷயம்.

இதைச் சொல்லப் போனால் முதலில் இருந்த வி.ஏ.ஓ. "சிஸ்டத்துல என்ன இருக்கோ அதுதான் சார்" என்றார். தாலுகா அலுவலகத்தில் 30 வருட வில்லங்கச் சான்று கேட்டார்கள். நான் என்ன நிலத்தை விற்கவா போகிறேன்? சரி, அதையும் எடுத்துக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்துக் கேட்டால் அந்தப் பிரிவில் இருந்தவர் மாறுதலில் போய்விட்டாராம், மனுவைக் காணோம், புதிதாகக் கொடுங்கள் என்றார்கள். அப்புறம் திங்கள்கிழமை கலெக்டர் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தேன். மூன்றாவது வாரம் பதில் வந்தது: "மனுதாரர் உரிய ஆவணங்களுடன் வட்டாட்சியர் அலுவலகத்தை அணுகிப் பயன்பெறலாம்." மனு முடிக்கப்பட்டதாம். அந்தப் பதிலுக்கு அடிப்படையான அறிக்கையைக் கொடுத்தது யார் என்று பார்த்தால் அதே வி.ஏ.ஓ.! கலெக்டரிடம் கொடுத்தது கோட்டாட்சியருக்குப் போய், தாசில்தாருக்குப் போய், வருவாய் ஆய்வாளருக்கு (ஆர்.ஐ.) போய், கடைசியில் யார் மேல் குறை சொன்னேனோ அவர் மேசையிலேயே வந்து விழுந்திருக்கிறது.

இப்போது புதிதாக ஒரு வி.ஏ.ஓ. வந்திருக்கிறார். இன்ஜினியரிங் படித்த பையன், மரியாதையாக நாற்காலி போட்டு உட்காரவைத்தான், அதெல்லாம் குறை சொல்ல மாட்டேன். பழைய புத்தகத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஒரு ஏர்ஸ்னா எத்தனை சென்ட் சார்?" என்று என்னிடமே கேட்டுவிட்டு போனை எடுத்துத் தட்ட ஆரம்பித்தான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் தாத்தா காலத்துக் கணக்குப்பிள்ளை திண்ணையில் உட்கார்ந்தபடியே எந்த நம்பர் யாருடையது, எந்த வாய்க்காலில் பாய்கிறது என்று சொல்வார் என்பார்கள்.

இரண்டு கேள்வி. ஒன்று, இதை எப்படித்தான் சரிசெய்வது? இன்னொன்று, எல்லா இடத்திலும் இப்படித்தான் ஆகிவிட்டதா? நான் வேலை செய்யும் தனியார் கம்பெனியிலும் இதே கதைதான். ஒரு தவறு நடந்தால் நாற்பது மெயில் ஓடும், ஒன்றில்கூட "நான் செய்தேன்" என்று இருக்காது.

----------

கூரைநாடு குமரன் எழுதியது:

வேலை தெரியாது என்பதெல்லாம் சும்மா. பதினான்கு மாதத்தில் ஒருமுறைகூட "கவனிப்பு" பேச்சு வரவில்லையா? கொடுத்துப் பாருங்கள், ஒரு ஏர்ஸுக்கு எத்தனை சென்ட் என்று எல்லோருக்கும் ஞாபகம் வந்துவிடும்.

----------

வெண்ணாற்றங்கரையான்:

உள்ளே யாரும் நேராகக் கேட்கவில்லை. வெளியே டீக்கடையில் ஒருவர் எட்டாயிரம் என்றார். கொடுக்கக் கூடாது என்று பிடிவாதமாக இருக்கிறேன். போக்குவரத்துக்கும் லீவு போட்டதற்கும் அதற்கு மேலேயே போய்விட்டது, அது வேறு விஷயம்.

----------

பழைய கணக்கு எழுதியது:

தம்பி, நான் 80-களில் டி.என்.பி.எஸ்.சி. எழுதி வி.ஏ.ஓ.வாகச் சேர்ந்தவன், ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகிறது. முதலில் உங்கள் பிழையைப் பார்ப்போம், புலம்பலை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

435-இலிருந்து 345-ஐக் கழியுங்கள், 90. ஒன்பதால் மீதியில்லாமல் வகுபடுகிறது. இரண்டு இலக்கம் இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதுமே ஒன்பதால் வகுபடும். கணக்கு இடிக்கிறது என்றால் நாங்கள் முதலில் பார்ப்பது இதைத்தான். இது மட்டும் நிரூபணம் ஆகாது, ஆனால் எங்கே தேட வேண்டும் என்று காட்டிக்கொடுக்கும். அடுத்து, உங்கள் சர்வே நம்பரில் உள்ள எல்லா உட்பிரிவுகளின் பரப்பையும் ஆன்லைனில் எடுத்துக் கூட்டுங்கள். அ-பதிவேட்டில் (கிராமத்தின் எல்லா சர்வே நம்பருக்கும் பரப்பு எழுதியிருக்கும் பதிவேடு) அந்த நம்பருக்கு உள்ள மொத்தத்தோடு ஒப்பிடுங்கள். 9 ஏர்ஸ் குறைந்து நிற்கிறது என்றால் அது யாருடைய கணக்கிலும் போய்ச் சேரவில்லை, எழுத்துப் பிழைதான். மொத்தம் சரியாக இருந்தால் உஷாராகுங்கள், உங்கள் ஒன்பது வேறு யாரிடமோ ஏறியிருக்கிறது என்று அர்த்தம், அது வேறு வழக்கு.

மூன்றாவது, யாரும் பார்க்காத ஒரு கட்டம் பட்டாவில் இருக்கிறது, தீர்வை, அதாவது நிலவரி. சில ரூபாய்தான் என்பதால் கண்ணே போகாது. தீர்வை என்பது பரப்பை வைத்துப் போட்டது. பரப்பைத் தப்பாக அடித்தவர் தீர்வையைப் பெரும்பாலும் புத்தகத்தில் இருந்தபடியே அடித்திருப்பார், இரண்டையும் ஒன்றுபோல் தப்பாக அடிப்பது கஷ்டம். அதே தரத்தில் உள்ள பக்கத்து உட்பிரிவின் தீர்வையோடு ஒப்பிட்டால் உங்கள் நிலம் எவ்வளவு என்று அதுவே சொல்லிவிடும்.

யாரிடம் போவது என்பதற்கு முன்னால் பிழை எப்போது நுழைந்தது என்று தெரிய வேண்டும். 1979-இல் தொடங்கி 1987 வரை நடந்த யூ.டி.ஆர். (நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம்) வேலையில்தான் ஏக்கர் சென்ட் எல்லாம் ஹெக்டேர் ஏர்ஸ் ஆனது. பிழை அங்கேயே இருந்தால் மனு டி.ஆர்.ஓ. (மாவட்ட வருவாய் அலுவலர்) வரை போக வேண்டியிருக்கும். உங்கள் 1988 புத்தகத்தில் சரியாக இருப்பதால் யூ.டி.ஆரில் பிழை இல்லை, கம்ப்யூட்டரில் ஏற்றும்போது வந்தது. ஆகவே மனுவில் "பட்டா திருத்தம்" என்று பொதுவாக எழுதாமல் "கணினிப் பதிவேற்றப் பிழைத் திருத்தம்" என்று தலைப்பிலேயே எழுதுங்கள். தாசில்தார் அளவில் முடியக்கூடிய வேலை. தலைப்பு தப்பினால் மனு வேறு பிரிவுக்குப் போகும், அங்கே உங்களிடம் வில்லங்கச் சான்று கேட்பார்கள்!

இப்போது அந்தத் திண்ணைக் கணக்குப்பிள்ளை. அவருக்கு எல்லாம் தெரியும் என்பது உண்மைதான். ஏன் தெரியும்? அப்பன், பாட்டன் வழியாக வந்த வேலை, ஊர்க் கணக்கு அவர் வீட்டுப் பெட்டியில் இருந்தது, வேறு யாருக்கும் காட்ட வேண்டிய அவசியம் இல்லை. உங்கள் தாத்தா திண்ணைக்குப் போக முடிந்தது. வாசலுக்கு வெளியே நின்று கேட்டவர்களும் அதே ஊரில் இருந்தார்கள், அவர்களிடம் போய் அந்தக் காலம் எப்படி என்று கேட்டால் வேறு பதில் வரும். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். ஒரே அவசரச் சட்டத்தில் கர்ணம், மணியம் என்று பரம்பரையாக ஊர்க் கணக்கும் வரிவசூலும் பார்த்த எல்லோரையும் நீக்கினார், சுப்ரீம் கோர்ட் வரை போய் அந்தச் சட்டம் நின்றது. அது நல்லதற்குத்தான். ஆளை நீக்கியபோது அந்த அறிவும் கூடவே போய்விடக் கூடாது என்று எங்களை நில அளவை பழகவிட்டார்கள், சங்கிலி பிடிக்கவிட்டார்கள். என்னோடு வந்த தலையாரிக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் புதர் மூடிக்கிடக்கும் சர்வே கல்லைக் காலால் தட்டியே கண்டுபிடிப்பார். அவரிடம்தான் பாதி வேலையைக் கற்றேன்.

மாறியது எங்கே என்று கேட்டால், எனக்குத் தெரிந்தவரை ஜமாபந்தியில், அதாவது வருடா வருடம் நடக்கும் கிராமக் கணக்குத் தணிக்கையில். எங்கள் காலத்தில் ஜமாபந்தி என்றால் வயிற்றைக் கலக்கும். கிராமக் கணக்கு ஒன்று விடாமல் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அடங்கலில் (சாகுபடிக் கணக்கு) ஒரு கூட்டல் இடித்தாலும் சிவப்பு மையில் எழுதுவார்கள், அந்த எழுத்து அடுத்த பசலியிலும் (வருவாய்க் கணக்கு வருடம்) அப்படியே இருக்கும், எனக்குப் பின்னால் வருகிறவனும் பார்ப்பான். இப்போது ஜமாபந்தி என்றால் பந்தல் போட்டு மனு வாங்குவது என்று ஆகிவிட்டது. கணக்கு யாராவது பார்க்கிறார்களா என்று பார்க்கப் போனவர்கள்தான் சொல்ல வேண்டும்.

----------

டிக்கெட் நம்பர் 7 எழுதியது:

நான் வருவாய்த் துறை இல்லை, ஒரு கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் ஒன்பது வருடம் இருந்தேன் (பெயர் வேண்டாம்). நீங்கள் சொன்ன "மனு முடிக்கப்பட்டது" என்பதைப் படித்ததும் சிரித்துவிட்டேன், நாங்கள் தினமும் செய்த வேலை அதுதான்.

ஒரு புகார் வந்தால் டிக்கெட் திறக்கும். 48 மணி நேரத்தில் மூட வேண்டும். மூடவில்லை என்றால் டீம் லீடருக்குச் சிவப்பு, அவருக்குச் சிவப்பு என்றால் எனக்கு இன்சென்டிவ் இல்லை. ஆனால் கோளாறைச் சரிசெய்கிற ஆள் வேறு ஊரில், வேறு கம்பெனியில், ஒப்பந்தத்தில். அவர் நான்கு நாள் எடுப்பார். அப்போது நான் என்ன செய்வேன்? 47-ஆவது மணி நேரத்தில் வாடிக்கையாளருக்கு போன் அடிப்பேன், ஒரே ரிங், கட் செய்வேன், "வாடிக்கையாளரைத் தொடர்புகொள்ள முடியவில்லை" என்று எழுதி மூடுவேன். அவர் மறுபடி கூப்பிட்டால் புது டிக்கெட். புது 48 மணி நேரம். மாதக் கடைசியில் பார்த்தால் 98 சதவீதம் குறித்த நேரத்தில் முடித்ததாக எனக்குக் கைதட்டுவார்கள்.

சேர்ந்த புதிதில் நான் அப்படி இல்லை. ஒரு பெரியவரின் பிரச்சினையை மூன்று நாள் விடாமல் துரத்தி முடித்தேன், அந்த வாரம் என் எண்ணிக்கை குறைந்து திட்டு வாங்கினேன். பக்கத்து சீட்டில் இருந்த அக்காதான் அந்த ஒரு ரிங் வித்தையைச் சொல்லிக்கொடுத்தார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன், இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியாக இருந்தவர்.

அதனால் திறமை குறைந்துவிட்டது என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் தளத்தில் இருந்தவர்கள் எல்லோரும் கெட்டிக்காரர்கள், டிக்கெட்டை மூடுவதில்! எதை எண்ணுகிறார்களோ அதில் ஆள் தேறிவிடுவான்.

----------

பெயர் வேண்டாமே எழுதியது:

இதற்காகவே புதுக் கணக்கு தொடங்கினேன். அந்தப் பையன் நான் இல்லை, ஆனால் அவனைப் போல ஒருவன். வி.ஏ.ஓ., சேர்ந்து நான்கு வருடம்.

ஏர்ஸுக்கு எத்தனை சென்ட் என்று தெரியாதது வெட்கம்தான், ஒத்துக்கொள்கிறேன் (2.47, இப்போது மனப்பாடம்). ஆனால் இதைக் கேளுங்கள். முன்பு வி.ஏ.ஓ.வுக்குத் தனித் தேர்வு இருந்தது. அதைக் குரூப் 4-இல் சேர்த்துவிட்டார்கள், 2018 பிப்ரவரியில் நடந்ததுதான் சேர்த்த பிறகு முதல் தேர்வு, விண்ணப்பித்தவர்கள் 20 லட்சம் பக்கம். அதில் தேறி வருகிறவன் முட்டாளாக இருக்க முடியாது. திருக்குறள், வரலாறு, அறிவியல், கணக்கு எல்லாம் படித்துத்தான் வந்தேன். ஆனால் ஒரு வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு வயலில் நிற்க யாரும் சரியாகச் சொல்லித்தரவில்லை. பயிற்சி என்று இருந்தது, ஹாலில் உட்காரவைத்தார்கள். சேர்ந்த ஆறாவது மாதம் பக்கத்துக் கிராமம் கூடுதல் பொறுப்பு, அப்புறம் இன்னொன்று. சாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி என்று சான்றிதழ் லாகினில் வந்து விழுந்துகொண்டே இருக்கும். பொங்கல் வந்தால் வேட்டி சேலை, மழை வந்தால் முகாம், தேர்தல் வந்தால் சொல்லவே வேண்டாம்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. உண்மைக் காரணம் வேறு, யாரும் சொல்ல மாட்டார்கள். உங்கள் 34.5-ஐ 43.5 ஆக்கலாம் என்று நான் பரிந்துரை எழுதினால் அது என் பெயரில் ஏறும். ஐந்து வருடம் கழித்து உங்கள் சித்தப்பா மகன் ஒரு வழக்குப் போட்டால் அந்தப் பரிந்துரையைத்தான் தோண்டுவார்கள். எனக்கு 17(பி), அதாவது பெரிய தண்டனை வரை போகக்கூடிய துறை நடவடிக்கை வரும், பதவி உயர்வு நிற்கும். நான் எழுதவே இல்லை என்றால்? "ஆவணங்களுடன் அணுகவும்" என்று ஒரு வரி போட்டு மூடினால்? யாரும் எனக்கு மெமோ கொடுக்க மாட்டார்கள். எனக்குத் தெரிந்து எங்கள் பக்கத்தில் ஒரு மனுவைச் சும்மா வைத்திருந்ததற்காக 17(பி) வாங்கியவர் ஒருவர்கூட இல்லை. செய்து மாட்டியவர்கள் மூன்று பேரைத் தெரியும். அதில் ஒருவர் காசு வாங்கினார், மற்ற இரண்டு பேர் நல்ல மனசில் செய்து மாட்டினார்கள்.

தப்பாக அடித்தவர் யார் என்று கேட்கிறீர்களே, எனக்கும் தெரியாது. அவர் எழுதிய இடத்தில் பெயர் இல்லை, திருத்துகிற இடத்தில்தான் பெயர் கேட்கிறது.

----------

கூரைநாடு குமரன்:

சரி, இது நியாயம்தான். ஆனால் தம்பி, நல்ல மனசுள்ளவர்கள் பயந்து ஒதுங்கினால் அந்த டீக்கடைக்காரர்தான் ஒரே வழி என்று ஆகிறது. எட்டாயிரம் கொடுத்தால் மட்டும் அந்த 17(பி) பயம் எங்கே போகிறது?

----------

பெயர் வேண்டாமே:

அதற்கு என்னிடம் பதில் இல்லை அண்ணா.

----------

பத்து ரூபாய் வில்லை எழுதியது:

நான் ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு) போட்டே பாதி ஆயுளைக் கழித்தவன். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ஏன் தாமதம், எப்போது முடிப்பீர்கள் என்று கேட்காதீர்கள். அது தகவல் இல்லை, கேள்வி என்று சொல்லித் திருப்பிவிடுவார்கள். இப்படிக் கேளுங்கள்: என் இன்ன தேதியிட்ட மனு இன்றுவரை எந்தெந்த அலுவலர்களிடம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை இருந்தது, அவர்களின் பெயர், பதவி, ஒவ்வொருவரும் எடுத்த நடவடிக்கை, கோப்பின் குறிப்புப் பக்க நகல். கூடவே கோப்பை நேரில் பார்வையிட நாள் கேளுங்கள், பிரிவு 2(ஜே)-இல் அந்த உரிமை இருக்கிறது. ஒரு வெள்ளைத் தாள், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், ஸ்பீட் போஸ்ட், அவ்வளவுதான் செலவு. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு, அப்புறம் மாநிலத் தகவல் ஆணையம். தாமதத்துக்கு நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000, தகவல் அலுவலர் சொந்தக் காசு கட்ட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் ஆணையம் வரை போனால் நீண்ட வரிசை, அபராதம் விழுவதும் அபூர்வம். ஆனால் முக்கால்வாசி நேரம் அங்கே போக வேண்டியே இருக்காது. மேலே அந்தத் தம்பி சொன்னதுதான் சூட்சுமம், சும்மா வைத்திருக்கிற இடத்தில் பெயர் இல்லை. இந்தக் கேள்வி அங்கே பெயரை எழுதவைக்கிறது. எழுத வேண்டும் என்று தெரிந்ததுமே கோப்பு நகர ஆரம்பிப்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

மத்தியப் பிரதேசத்தில் 2010-லேயே சேவை பெறும் உரிமைச் சட்டம் கொண்டுவந்தார்கள். கர்நாடகாவில் 2011 சட்டப்படி தாமதமானால் நாளுக்கு 20 ரூபாய், 500 ரூபாய் வரை மனுதாரருக்கு இழப்பீடு. தொகை அற்பம்தான், ஆனால் நாளை எண்ணத் தொடங்கிவிட்டார்கள் என்பது பெரிய விஷயம். ஆனால் டிக்கெட் நம்பர் 7 சொன்ன ஒரு ரிங் வித்தையை அங்கேயும் யாராவது கண்டுபிடித்திருப்பார்கள் என்று இப்போது சந்தேகம் வருகிறது.

----------

வெண்ணாற்றங்கரையான்:

எல்லோருக்கும் நன்றி. பழைய கணக்கு அய்யா, நீங்கள் சொன்னபடி நேற்று ராத்திரி உட்கார்ந்து கூட்டினேன். எங்கள் நம்பரில் மூன்று உட்பிரிவு. மற்ற இரண்டும் 0.29.0, 0.49.0. ஆன்லைனில் கூட்டினால் 1.12.5. ஆன்லைன் அ-பதிவேட்டிலும் எனக்கு அதே தவறான 34.5தான் இருக்கிறது, ஆனால் அப்பா எப்போதோ வாங்கி வைத்த பழைய கையெழுத்து நகலில் மொத்தம் 1.21.5. சரியாக ஒன்பது ஏர்ஸ் அந்தரத்தில் நிற்கிறது.

தீர்வையையும் பார்த்தேன். பக்கத்து 0.29.0-க்கு 5 ரூபாய் 80 காசு, அதே தரம், ஏர்ஸுக்கு 20 காசு ஆகிறது. எனக்கு 8 ரூபாய் 70 காசு போட்டிருக்கிறார்கள். 20 காசால் வகுத்தால் 43.5! இத்தனை நாளாக அந்த ஒரே தாளில் பதில் இருந்திருக்கிறது, நானும் பார்க்கவில்லை, அந்தத் தாளைக் கையில் வாங்கிய ஆறு பேரும் பார்க்கவில்லை. அடுத்தவர்களுக்கு வேலை தெரியவில்லை என்று இவ்வளவு எழுதினேன், கணக்கில் பட்டம் வாங்கியவன் நான்தான்.

இன்று காலை அந்த வி.ஏ.ஓ. பையனிடம் இதை ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். போனை எடுக்காமல் கையாலேயே வகுத்துப் பார்த்தான். பெயர் வேண்டாமே தம்பி சொன்ன பயம் அவன் முகத்தில் தெரிந்தது, இப்போதுதான் எனக்கு அது என்னவென்று புரிகிறது. "கூட்டல் இடிக்கிறது என்று மட்டும் அறிக்கையில் எழுதுகிறேன் சார், திருத்தலாம் என்று எழுதவில்லை, அதை மேலே இருக்கிறவர்கள் எழுதட்டும்" என்றான். அது போதும் என்று வந்துவிட்டேன். போதுமா?

இன்னொன்று. என்னிடம் இருக்கும் கையெழுத்து அ-பதிவேட்டு நகலில் முத்திரை இல்லை, சான்றிட்ட நகல் வேண்டும் என்கிறார்கள். அந்தப் பழைய பதிவேடு தாலுகாவில் இருக்கிறதா, கலெக்டர் ஆபீஸ் பதிவறையில் இருக்கிறதா என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். யாருக்காவது அனுபவம் இருந்தால் சொல்லுங்கள், வியாழக்கிழமை லீவு போட்டிருக்கிறேன், எந்தக் கட்டடத்துக்குப் போவது என்று தெரிந்தால் ஒரு நடை மிச்சம்.